நடுத்தர நகரும் நெடுங்கோபுரமும்: உயரத்தின் செலவு யார் கணக்கில்?

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் திருத்திய அச்சு வடிவம்)

அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலத் தலைநகர் ஓக்லஹோமா சிட்டி. அதன் மையத்தில் பிரிக்டவுன் என்ற பழைய செங்கல் கிடங்கு வட்டாரம் இருக்கிறது. அங்குள்ள ஒரு கார் நிறுத்துமிடத்தில் 1,907 அடி உயரக் கோபுரம் எழுப்பப்போவதாகக் கலிபோர்னியாவைச் சேர்ந்த மனைத்தொழில் நிறுவனம் ஒன்று 2024 ஜனவரியில் அறிவித்தது. அதற்கு 'லெஜண்ட்ஸ் டவர்' என்று பெயர். உடன் மூன்று சிறிய கோபுரங்களும் உண்டு. மொத்தச் செலவு 150 கோடி டாலருக்கு மேல். முடிந்தால் அமெரிக்காவிலேயே உயரமான கட்டடம் அதுதான். முதலில் சொல்லப்பட்ட உயரம் 1,750 அடி. ஓக்லஹோமா மாநிலத் தகுதி பெற்ற ஆண்டு 1907 என்பதால் 157 அடி கூட்டப்பட்டது. நியூயார்க்கின் ஒன் வேர்ல்ட் டிரேட் சென்டர் விடுதலைப் பிரகடன ஆண்டை நினைவூட்டி 1,776 அடியில் நிற்கிறது. அதே வழக்கம் இங்கும் பின்பற்றப்பட்டது.

2020 கணக்கெடுப்பின்படி அந்நகரின் மக்கள்தொகை 6,81,054. பரப்போ சுமார் 1,600 சதுர கிலோமீட்டர். பெருநகர சென்னை மாநகராட்சியின் பரப்பு 426 சதுர கிலோமீட்டர் என்பதோடு ஒப்பிட்டால் நிலைமை விளங்கும்: ஏறத்தாழ நான்கு மடங்கு நிலம், பத்தில் ஒரு பங்கு மக்கள். நகரில் இன்று நிற்பவற்றுள் உயரமானது 844 அடி. அடுத்தது 500 அடிதான்.

அவையோர் முன் வைக்கப்படும் கருத்து ஒன்றே. நிலம் மலிந்த, தேவை அளவான நடுத்தர நகரில், நெடுங்கோபுரத்தின் மேல்மாடிகளுக்கு ஆகும் செலவை அங்கே குடியேறுபவர் தரும் வாடகை ஈடுகட்டாது. எஞ்சிய தொகையை வேறொருவர் ஏற்றாக வேண்டும். அந்த வேறொருவர் யார் என்று முதலில் கேட்க வேண்டும். உயரம் கூடுமா கூடாதா என்ற வாதம் அதற்குப் பிறகுதான். ஓக்லஹோமாவின் கட்டட வரலாறு இதற்கு நல்ல சான்றுகளைத் தருகிறது.

1. மாடி கூடக்கூட வருவாய் கூடுமா?

இக்கேள்விக்கு எண்களைக் கொண்டு விடை தேடிய பெயர்பெற்ற ஆய்வு 1930இல் வெளிவந்தது. பொருளியலாளர் டபிள்யூ. சி. கிளார்க்கும் கட்டடக் கலைஞர் ஜே. எல். கிங்ஸ்டனும் நியூயார்க்கில் கிராண்ட் சென்ட்ரல் ரயில் நிலையத்தருகே ஒரு மனையை மாதிரியாக எடுத்துக்கொண்டார்கள். நிலவிலை சதுர அடிக்கு 200 டாலர் என்று வைத்துக்கொண்டு, அதே மனையில் 8 மாடி முதல் 75 மாடி வரை எட்டுக் கட்டடங்களை வரைந்து, ஒவ்வொன்றுக்கும் செலவையும் வாடகையையும் கணக்கிட்டார்கள். முதலீட்டின் மீதான வருவாய் படிப்படியாக ஏறி 63 மாடியில் 10.25 சதவீதத்தைத் தொட்டது. 75 மாடியில் 10.06 ஆகக் குறைந்தது. ஆய்வைச் செய்வித்தது எஃகுக் கட்டுமானத் தொழிலின் அமைப்பு. ஸ்டீல் விற்பவருக்கு உகந்த விடைதான் வந்தது என்று புன்னகைப்பவர் புன்னகைக்கலாம். ஆனால் கணக்கின் அடிப்படை இன்றும் செல்லுபடியாகிறது.

அதன் தருக்கம் எளிது. மனைக்குக் கொடுக்கும் விலை ஒரே தடவை கொடுக்கும் தொகை. மாடிகள் பெருகப் பெருக ஒவ்வொரு மாடியின் மீதும் விழும் நிலவிலைப் பங்கு குறைகிறது. மறுபுறம், ஒவ்வொரு கூடுதல் மாடியும் தன் கீழே உள்ளதைவிட அதிகச் செலவு வைக்கிறது. இவ்விரண்டும் சந்திக்கும் இடம்தான் அந்த மனைக்கு ஏற்ற உயரம். நிலவிலை மிகுந்த இடத்தில் அது மேலே இருக்கும். மலிந்த இடத்தில் கீழே வந்துவிடும். சதுர அடிக்கு 200 டாலர் விற்ற 1930இன் மன்ஹாட்டனிலேயே விடை 63 மாடியோடு நின்றது. கார் நிறுத்துவதற்கே காலி மனை தாராளமாகக் கிடைக்கும் ஊரில் அது எங்கே நிற்கும் என்று ஊகிக்கப் பெரிய கணிதம் வேண்டாம்.

2. மேல்மாடியின் விலை

கூடுதல் மாடி ஏன் கூடுதல் செலவு வைக்கிறது? முதற்காரணம் லிஃப்ட். நூறாவது மாடிக்குப் போகும் லிஃப்ட், நிற்காத மாடிகளிலும் தன் குழிக்கான இடத்தைப் பிடித்துக்கொண்டே போகிறது. வாடகைக்கு விட வேண்டிய தரை அங்கே லிஃப்ட் குழியாகிவிடும். இதைக் குறைக்கத்தான் நடுவழியில் இறங்கி வேறு லிஃப்டுக்கு மாறும் 'ஸ்கை லாபி' ஏற்பாடு வந்தது. அடுத்தது கயிற்றின் எடை. ஆழக் கிணற்றில் நீர் இறைத்தவருக்குத் தெரியும், கையில் கனப்பதில் பாதி நனைந்த கயிறுதான் என்று. எஃகுக் கயிற்றுக்கும் அதே சங்கடம். சுமார் 500 மீட்டருக்கு மேல் தன் எடையே அதற்குப் பெரும் சுமை. பின்லாந்தின் கோனே நிறுவனம் 2013இல் அறிமுகம் செய்த கார்பன் இழைக் கயிறு, ஒரே ஓட்டத்தில் அதற்கு மேல் ஏறுவதை எளிதாக்கியது. 1,907 அடி என்பது 581 மீட்டர்.

இரண்டாவது காற்று. உயரக் கட்டடத்தைத் தாங்கும் சட்டகத்தில் பெரும்பங்கு எடைக்காக அல்லாமல் பக்கவாட்டுத் தள்ளலுக்காகப் போடப்படுகிறது. கட்டடம் விழாது என்பது மட்டும் போதாது. மேல்மாடியில் இருப்பவருக்குத் தலைசுற்றவும் கூடாது. தைப்பே 101 கட்டடத்தின் உச்சியருகே, பல மாடிகளை ஊடுருவி, 660 டன் எடையுள்ள எஃகு உருண்டை ஒன்று கம்பிகளில் தொங்குகிறது. கட்டடம் ஒரு பக்கம் சாயும்போது அது எதிர்ப்பக்கம் அசைந்து ஆட்டத்தை அடக்கும். வாடகை தராத 660 டன் அது.

ஓக்லஹோமா விஷயத்தில் காற்று என்றதும் எழும் கேள்வி சூறாவளி. 1999 மே 3, 2013 மே 20 ஆகிய நாள்களில் ஓக்லஹோமா சிட்டியை ஒட்டிய மூர் நகரைச் சுழற்காற்றுகள் சிதைத்தன. கோபுரங்கள் இவற்றைத் தாங்குமா என்பதற்கு இரண்டு பழைய நிகழ்வுகள் ஓரளவு பதில் சொல்கின்றன; இரண்டும் அண்டை மாநிலமான டெக்ஸாஸில் நடந்தவை. 1970 மே 11 அன்று லபக் நகரில் 20 மாடி கொண்ட கிரேட் பிளெயின்ஸ் லைஃப் கட்டடத்தைச் சூறாவளி தாக்கியது. எஃகுச் சட்டகம் முறுகியது, சுவர்கள் விரிசல் கண்டன, கட்டடமோ விழவில்லை. செப்பனிடப்பட்டு மீண்டும் பயனுக்கு வந்தது. 2000 மார்ச் 28 அன்று ஃபோர்ட் வொர்த் நகரின் 35 மாடி வங்கிக் கோபுரத்தில் கண்ணாடிகள் பெருமளவில் உடைந்தன. நெடுநாள் ஒட்டுப்பலகை அடித்து நின்ற அந்தக் கட்டடம், இடிக்கப்படும் என்ற பேச்சையெல்லாம் தாண்டி, அடுக்குமாடிக் குடியிருப்பாக மாறியது. எலும்பு தாங்கும், தோல் தாங்காது என்பது இவற்றின் பொதுப் பாடம். தோலின் செலவும் காப்பீட்டுச் செலவும் உயரத்தோடு சேர்ந்தே ஏறும்.

பொறியியலில் தீர்க்க முடியாதது இவற்றில் எதுவுமில்லை. துபாயின் புர்ஜ் கலீஃபா 2010 முதல் 828 மீட்டரில் நிற்கிறது. ஆனால் அதில் மக்கள் புழங்கும் கடைசித் தளத்துக்கு மேலே 244 மீட்டர் வெறும் முடிதான். உயரத்தில் 29 சதவீதம், யாரும் புழங்காத பகுதி. அங்கே அதற்கு விலை கொடுக்க ஒருவர் இருந்தார்.

3. முதல்வகைப் புரவலர்: தலைமையகம்

நடுத்தர நகரங்களில் எழுந்த கோபுரங்களைப் பட்டியலிட்டால் ஒரு பொதுத்தன்மை தெரியும். வாடகைக்கு விடவென்றே கட்டப்பட்டவை சில. ஒரு நிறுவனம் தன் தலைமையகமாக எழுப்பியவையே பல. ஓக்லஹோமா மாநிலத்தின் டல்சா நகரில் 1976இல் 667 அடி உயரத்துக்கு எழுந்த பி.ஓ.கே. டவர் வில்லியம்ஸ் நிறுவனத்துடையது. வரைந்தவர் நியூயார்க்கின் இரட்டைக் கோபுரங்களை வடிவமைத்த மினோரு யமசாகி. அலபாமா மாநிலத்தின் மொபீல் நகரில் 2007இல் முடிந்த 745 அடிக் கோபுரத்துக்குப் பணம் போட்டது மாநில அரசு ஊழியர்களின் ஓய்வூதிய நிதியம். தமிழ்நாட்டுக்கும் இது புதிதன்று: 1959இல் சென்னை மவுண்ட் ரோட்டில் 177 அடிக்கு எழுந்து, அன்று நாட்டிலேயே உயரமானதாக நின்ற எல்.ஐ.சி. கட்டடமும் காப்பீட்டு நிறுவனம் ஒன்றின் தலைமையகமாகத் தொடங்கப்பட்டதே.

இவ்வகையில் மிகச் சிறிய ஊரில் எழுந்த மிக அழகிய உதாரணம் ஓக்லஹோமா மாநிலத்தின் பார்ட்டில்ஸ்வில் நகரின் பிரைஸ் டவர். எண்ணெய்க் குழாய் பதிக்கும் நிறுவனத்தின் உரிமையாளர் எச். சி. பிரைஸ், கட்டடக் கலைஞர் ஃபிராங்க் லாய்ட் ரைட்டிடம் கேட்டது மூன்று மாடி அலுவலகம். ரைட் பல ஆண்டுகளுக்கு முன் நியூயார்க்குக்காக வரைந்து, கட்டப்படாமல் போன கோபுர யோசனை ஒன்றைக் கையில் வைத்திருந்தார். பேச்சு நடந்து நடந்து 19 மாடியில் முடிந்தது. 1956இல் திறக்கப்பட்ட 221 அடி உயரக் கட்டடத்தின் மொத்தத் தரைப்பரப்பு சுமார் 37,000 சதுர அடி. ஒரு பெரிய ஜவுளிக்கடை இதைவிடப் பெரிதாக இருக்கும். அந்தச் சிறிய பரப்பில் நான்கு லிஃப்ட் குழிகள். ஆகவே லிஃப்ட் ஒவ்வொன்றும் நாலைந்து பேர் தோள் உரச நிற்கும் அளவுதான். ஒவ்வொரு தளமும் நான்கு கால்பகுதிகளாகப் பிரிக்கப்பட்டு, மூன்று அலுவலகத்துக்கும் ஒன்று குடியிருப்புக்கும் ஒதுக்கப்பட்டது. சுற்றிலும் புல்வெளி விரிந்த ஊரில் அடுக்குமாடி வீட்டுக்கு ஆள் கிடைப்பது அரிதாயிற்று. வீடுகள் பின்னாளில் அலுவலகமாயின.

பிரைஸ் தெரிந்தே ஏற்ற செலவு அது. உரிமையாளர் இருந்தவரை கோபுரத்துக்குக் குறையில்லை. 1981இல் பிலிப்ஸ் பெட்ரோலியத்துக்குக் கைமாறி, பிறகு கலை மையமாகவும் சிறு ஹோட்டலாகவும் இயங்கி, 2024இல் கதவு மூடும் நிலைக்கு வந்தது. தேசிய வரலாற்றுச் சின்னம் என்ற தகுதியாலும் மின்கட்டணம் கட்ட முடிவதில்லை.

4. இரண்டாம் வகை: கடன் கொடுத்தவர்

தலைமையகம் என்ற புரவலர் இல்லாதபோது அந்த இடத்துக்குக் கடன் வருகிறது. எண்ணெய் விலை ஏறும் காலத்தில் ஓக்லஹோமாவில் கடனுக்குப் பஞ்சமில்லை. ஓக்லஹோமா சிட்டியில் ஒரு வணிக வளாகத்துக்குள் இயங்கிய பென் ஸ்குவேர் வங்கி, எண்ணெய், எரிவாயுக் கடன்களைத் தாராளமாகக் கொடுத்து, அவற்றை 200 கோடி டாலருக்கு மேல் நாட்டின் பெரிய வங்கிகளுக்குக் கைமாற்றியது. 1982 ஜூலை 5 அன்று அது மூடப்பட்டது. இரண்டாண்டில் சிகாகோவின் கான்டினென்டல் இல்லினாய்ஸ் வங்கியும் ஆட்டம் கண்டு அரசுதான் கைதூக்கிவிட வேண்டியதாயிற்று. அதன் பின் ஏறத்தாழ 25 ஆண்டுகள் ஓக்லஹோமா சிட்டியின் மையத்தில் புதிய பெரிய அலுவலகக் கோபுரம் எழவில்லை.

அதற்கு முன்பே நகரம் இன்னொரு சூடும் பட்டிருந்தது. 1964இல் கட்டடக் கலைஞர் ஐ. எம். பெய் தயாரித்த திட்டப்படி மையப்பகுதியின் பழங்கட்டடங்கள் நூற்றுக்கணக்கில் இடிக்கப்பட்டன. 1973இல் கிரைட்டீரியன் திரையரங்கம் போயிற்று. 1977இல் பில்ட்மோர் ஹோட்டல் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. இடிப்பு வரைபடத்தின்படியே நடந்தது. கட்டுவதாகச் சொன்ன கலேரியா வணிக வளாகம் மட்டும் வரவேயில்லை. அந்த மனைகள் கார் நிறுத்துமிடங்களாகப் பல்லாண்டு கிடந்தன. மையத்தை வெறுமையாக்கியதற்கான விலையைக் கடைக்காரர்களும் நடைபாதையில் போனவர்களும் கொடுத்தார்கள். எந்தத் திட்ட அறிக்கையிலும் அது செலவினமாக எழுதப்படவில்லை.

5. மூன்றாம் வகை: வரி கட்டுபவர்

இதுவே இன்று பெரிதும் பேச வேண்டிய கூறு. டி.ஐ.எஃப். எனப்படும் ஏற்பாடு 1952இல் கலிபோர்னியாவில் தொடங்கி அமெரிக்கா முழுவதும் பரவியது. ஓக்லஹோமாவில் 1992ஆம் ஆண்டுச் சட்டம் அதற்கு வழி செய்தது. ஒரு வட்டாரத்தின் சொத்துவரி இன்று எவ்வளவோ அந்த அளவு அடிப்படையாக நிறுத்திவைக்கப்படும். புதிய கட்டடத்தால் மதிப்பு உயர்ந்து கூடுதலாக வரும் வரி, குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு அந்த வட்டாரத்தின் மேம்பாட்டுக்கே ஒதுக்கப்படும். கட்டடம் வராவிட்டால் கூடுதல் வரியும் இல்லை, எனவே பொதுமக்களுக்கு இழப்பில்லை என்பது ஆதரவாளர் வாதம். கட்டடம் எப்படியும் வந்திருக்கும் என்றால், பள்ளிக்கும் மாவட்டத்துக்கும் போக வேண்டிய வரி திசைமாறுகிறது என்பது எதிர்வாதம். இரண்டில் எது உண்மை என்பது ஒவ்வொரு மனைக்கும் வேறுபடும். பொதுவிதியாகச் சொல்பவரை நம்ப வேண்டியதில்லை.

அந்தப் பணம் எங்கே போகிறது என்பதில் ஓக்லஹோமா சிட்டி இரு வேறு விடைகளைத் தந்திருக்கிறது. 2012இல் முடிந்த 844 அடி டெவன் எனர்ஜி சென்டர் முதல்வகைக் கோபுரம்தான்: நகரின் பல கட்டடங்களில் சிதறியிருந்த தன் ஊழியர்களை ஒரே இடத்தில் சேர்க்க ஓர் எண்ணெய் நிறுவனம் கட்டியது, எழுந்ததும் கலேரியாவுக்கென வெறுமையாக்கப்பட்ட நிலத்தில். அதன் கூடுதல் சொத்துவரி கோபுரத்துக்குத் திரும்பவில்லை. 'பிராஜெக்ட் 180' என்ற பெயரில், மையப்பகுதியின் 180 ஏக்கரில் தெருக்களும் நடைபாதைகளும் மிரியட் பூங்காவும் அதைக் கொண்டு புதுப்பிக்கப்பட்டன. பெருமையை நிறுவனம் வாங்கிக்கொண்டது, நடைபாதையை ஊர் வாங்கிக்கொண்டது. நேர்மையான பேரம் இது. குறையே இல்லாததன்று: ஊழியர்கள் மாறிப்போன பழைய கட்டடங்களில் காலித் தளங்கள் பெருகின. நடுத்தர நகரின் அலுவலகச் சந்தை அவ்வளவு சிறியது. ஒரு கோபுரம் நிரம்பினால் அடுத்த தெருவில் இன்னொன்று காலியாகும். 1931ஆம் ஆண்டின் ஃபர்ஸ்ட் நேஷனல் சென்டர் நெடுங்காலம் சீரழிந்து, 2022இல்தான் ஹோட்டலும் குடியிருப்புமாக உயிர்பெற்றது.

1,907 அடித் திட்டம் இடம்பெறும் வளாகத்துக்கும் நகரம் 20 கோடி டாலர் வரையிலான டி.ஐ.எஃப். உதவிக்கு இசைந்தது. இம்முறை கூடுதல் வரி அதே வளாகத்தின் கட்டுமானச் செலவுக்கே துணையாகிறது. டெவனுக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு இங்கேதான்; உயரத்தில் இல்லை. அவையோரில் நகரமைப்புத் துறையினர் இருப்பின் அவர்கள் குறித்துக்கொள்ள வேண்டிய இடமும் இதுவே. 1993 டிசம்பரில் இதே நகரத்து வாக்காளர்கள் ஒரு சென்ட் விற்பனை வரிக்கு ஒப்புதல் அளித்தார்கள். வரியை முதலில் வசூலித்து, கடன் வாங்காமல், பிரிக்டவுன் கால்வாயையும் பேஸ்பால் மைதானத்தையும் நகரம் கட்டியது. இன்று கோபுரத்துக்கு ஏற்ற இடமாக அந்த வட்டாரம் தெரிவதே அந்த வரிப்பணத்தால்தான்.

6. அனுமதி என்பது என்ன?

2024 ஜூனில் நகர மன்றம் 8-1 என்ற வாக்கில் அந்த மனைக்கு உயர வரம்பை நீக்கியது. செய்தி உலகெங்கும் 'கோபுரத்துக்கு அனுமதி' என்று போயிற்று. உண்மையில் மன்றம் தீர்மானித்தது, உயரம் ஒரு தடையாக இராது என்பதை மட்டுமே. காற்றுச் சுரங்கச் சோதனை, அடித்தள வடிவமைப்பு, விமானப் போக்குவரத்துத் துறையின் இசைவு, கட்டுமான உரிமம், எல்லாவற்றுக்கும் மேலாக நிதி என்பவை அதற்கு வெளியே நின்றன. மன்றத்துக்கு இதில் ஒரு காசு செலவில்லை. நிறுவனத்துக்கோ மனையின் மதிப்பும் உலகளாவிய விளம்பரமும் அந்த ஒரு வாக்கெடுப்பில் கிடைத்துவிட்டன. செலவில்லாமல் கொடுக்கப்படும் அனுமதி, பண்டமாற்றாக எதையும் கேட்காமல் கொடுக்கப்பட்ட அனுமதியாகவும் ஆகிவிடும்.

கேட்கத் தவறினால் நேர்வது சிகாகோவில் நடந்தது. சிகாகோ பெருநகரம்தான், ஆனாலும் 2,000 அடி என்று திட்டமிட்ட சிகாகோ ஸ்பைர், 2008 நிதி நெருக்கடியில் அடித்தளத்தோடு நின்றது. 110 அடி அகலமும் 76 அடி ஆழமும் கொண்ட வட்டக் குழி ஏரிக்கரையில் பல ஆண்டுகள் திறந்து கிடந்தது. அதே மனையில் 2024இல் வேலை தொடங்கிய குடியிருப்புக் கோபுரத்தின் உயரம், கைவிடப்பட்டதில் பாதியைவிடக் குறைவு.

ஆகவே அனுமதியோடு இணைக்கத்தக்க நிபந்தனைகள் சில உண்டு. உயரத் தளர்வுக்குக் காலக்கெடு வைப்பது. நிதி உறுதிச் சான்று வருமுன் தரையைத் தோண்ட விடாதிருப்பது. பாதியில் நின்றால் குழியை மூடிச் சமன்செய்யும் தொகையை முன்கூட்டியே வைப்பாகப் பெறுவது. சிறிய கோபுரங்களும் தெருவோரத் தளங்களும் முதலில் முடியும்படி கட்டங்களை வரிசைப்படுத்துவது. பொதுப்பணம் சேருமானால் அதன் ஒரு பங்கை டெவன் வழியில் தெருவுக்கு ஒதுக்கச் செய்வது. இவற்றுள் கட்டம் பிரிக்கும் முறைதான் பெரிதும் பயன் தரக்கூடியது. முதற்கட்டம் நிரம்புகிறதா என்று பார்த்த பிறகு இரண்டாம் கட்டத்துக்குக் கடன் கொடுப்பதை வங்கிகளே விரும்பும். 345 அடி உயரத்தில் திட்டமிடப்பட்ட மூன்று துணைக் கோபுரங்களும், பிரிக்டவுன் அளவுக்கு, தம்மளவில் பெரிய கட்டடங்களே. அவற்றில் வீடுகளும் ஹோட்டல் அறைகளும் என்ன விலைக்கு, எவ்வளவு நாளில் போகின்றன என்பது, நான்காவது கோபுரத்தின் உயரத்தை எந்த நகர மன்ற வாக்கெடுப்பையும்விடத் துல்லியமாகத் தீர்மானிக்கும்.